மண்ணுக்குள் ஆள் தேடும்போது யாருக்கு என்ன வேலை?



இனி மண்சரிவு வந்தால் ரோபோ வந்து ஆட்களைத் தூக்கிவிடும்தானே என்று லயத்துப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள். போனில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

2001இல் நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோதுதான் இடிபாட்டுக்குள் ஆள் தேட முதன்முதலாக ரோபோக்களை இறக்கினார்கள். சில, சப்பாத்துப் பெட்டி அளவுதான். மனிதரோ நாயோ நுழைய முடியாத பொந்துகளுக்குள் அவை போயின. உயிரோடு ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை. சில உடல்கள் இருந்த இடத்தைக் காட்டின. அங்கு வேலை செய்த பேராசிரியை ரொபின் மர்பி பிறகு சொன்னது நமக்கு முக்கியம். ஒரு ரோபோவுக்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் இருந்து படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததை இருவரும் வாய்விட்டுப் பேச வேண்டும். ஓட்டுபவரின் கவனம் வழியிலேயே இருக்கும். ஓரத்தில் தெரியும் ஒரு கையை அவர் தவறவிடலாம். வயர் கட்டி இறக்கினால் அதைப் பிடித்து விட்டுக்கொடுக்க மூன்றாவது ஆளும் வேண்டும். ஆளைக் குறைக்கத்தான் மெஷின் என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

2010 நவம்பர் 19ஆம் திகதி நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. உள்ளே 29 பேர். வாயு காரணமாக மீட்பாளர்களை அனுப்ப முடியவில்லை. இராணுவத்தின் ரோபோவை அனுப்பினார்கள். சுமார் 550 மீற்றர் போனதும் தண்ணீர் பட்டு நின்றுவிட்டது. 24ஆம் திகதி இரண்டாவது வெடிப்பு. ஒருவரும் திரும்பவில்லை. தொழிலாளரின் பாதுகாப்பை நிர்வாகம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று 2012இல் விசாரணை ஆணைக்குழு சொன்னது. அந்தக் குறையை எந்த ரோபோ சரிசெய்யும்?

நம் மலையில் இன்னொரு சிக்கல். இடிந்த கட்டடத்தில் பொந்து மிஞ்சும். சேறு எல்லாவற்றையும் அடைத்துவிடும், ரோபோ நுழைய இடமிருக்காது. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ஒசோவில் மலை சரிந்து 43 பேர் இறந்தார்கள். அங்கே ட்ரோன் பறக்கவிட்டார்கள். கீழே தேடுகிறவர்கள் மேல் இன்னும் மண் வருமா என்று பார்க்கத்தான்.

அதே ஆண்டு ஒக்டோபர் 29, மீரியபெத்தை. காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எந்தக் காம்பராவில் எத்தனை பேர், காலையில் யார் மலைக்குப் போனது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது என்று ட்ரோனுக்குத் தெரியாது. அடுத்த காம்பராக்காரருக்குத் தெரியும்.

ஆகவே ட்ரோன் வரட்டும், பெக்கோவும் வரட்டும். அந்தத் திரைக்குப் பக்கத்தில் லயத்தைத் தெரிந்த நம் ஆள் ஒருவர் உட்கார வேண்டும். எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்கும்போது அவரைக் கேட்க வேண்டும். இதை நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்போம். லயத்துக்கு ஒரு கொப்பி இன்றே தருகிறோம். காம்பரா இலக்கம், பெயர், வயது, நடக்க முடியாதவர் யார், கொழும்புக்கு வேலைக்குப் போனவர் யார் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை திருத்துங்கள். ஒரு பிரதி கிராம சேவகரிடம். இன்னொன்று லயத்தில் வேண்டாம், மண் வராத இடத்தில் இருக்கட்டும்.