நாணயம் பொது, கஷ்டம் மாத்திரம் தனியா?



வரி போடுவதும், கடன் வாங்குவதும், செலவு செய்வதும் அந்தந்த தேசத்தார் காரியமா, அல்லது பல தேசங்கள் கூடி அமைத்த பொது ஸ்தாபனத்தின் காரியமா என்பதைப் பற்றிச் சிறிது பேசுவோம். இது பண்டிதர்கள் விஷயமென்று நாம் ஒதுங்கிவிடக்கூடாது. வரி கொடுப்பவன் பாடுபடுகிறவனேயாவான்.

ஐரோப்பாவைப் பாருங்கள். 1992-ல் மாஸ்ட்ரிக்ட் என்னும் ஊரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி யூரோ என்ற பொது நாணயம் 1999-ல் கணக்கிலும், 2002-ல் ஜனங்கள் கையிலும் வந்தது. வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது ஒரே மத்திய பாங்கி. வரியும் செலவும் மாத்திரம் அந்தந்த சர்க்கார் பொறுப்பு. வருஷத் துண்டு தேச உற்பத்தியில் 100-க்கு 3-க்கு மேலும், மொத்தக் கடன் 100-க்கு 60-க்கு மேலும் போகலாகாதென்று விதி செய்தார்கள்.

இதனால் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. நாணயம் மாற்றும் செலவு ஒழிந்தது, வியாபாரம் சுலபமாயிற்று. ஆனால் விதி யாருக்கு என்பதே கேள்வி. 2003-ல் ஜெர்மனியும் பிரான்சும் அந்த 3-ஐத் தாண்டியிருந்தன. மந்திரிகள் கூடி நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். கிரீஸ் சர்க்கார் துண்டைக் குறைத்துக் காட்டி வந்தது 2009-ல் வெளியாயிற்று. அது குற்றந்தான். ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? 2010-ல் 11,000 கோடி யூரோ கடன் என்றார்கள். கூடவே பென்ஷனையும் சம்பளத்தையும் வெட்டு, வரியை ஏற்று என்றார்கள். 2013-ல் அங்கே 4 பேரில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. சொந்த நாணயமிருந்தால் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கலாம், அதுவுமில்லை. தாங்குவதற்குப் பொதுப் பொக்கிஷமுமில்லை. 2015 ஜூலை 5-ந் தேதி 100-க்கு 61 பேர் "வேண்டாம்" என்று ஓட்டளித்தும், 13-ந் தேதி அவர்கள் பிரதமர் கடுமையான நிபந்தனைகளுக்கு இணங்க நேர்ந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020-ல் ஐரோப்பிய யூனியன் தன் பெயரிலேயே 75,000 கோடி யூரோ வரை கடன் வாங்கி, ஒரு பாகத்தை மானியமாகவே பங்கிட முடிவு செய்தது. முடியாதென்ற காரியம் எப்படி முடிந்தது? விதி என்பது தலைவிதியல்ல. மனிதன் எழுதியது, மனிதனே திருத்தக்கூடியது என்பது விளங்கவில்லையா?

ஆகவே, நம் சர்க்கார் என்பதாலேயே அது யோக்கியமாகிவிடாது. பெரிய ஸ்தாபனம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. தீர்மானிப்பது யார், சுமப்பது யார், சுமப்பவனுக்குக் கணக்குக் காட்டுவது யார் என்று இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லாதது எதுவோ, அதை நம்பாதீர்கள்.