பாடசாலைப் போசனமும் பயறு வகைகளும்: தலைமை உரை



பாடசாலை மதிய உணவில் மீனுக்கும் இறைச்சிக்கும் ஈடாக நிற்கவல்ல புரதம் யாது என்னும் விஷயத்தை ஆராய, மீன் மலிந்த இத்திருகோணமலைக் கரையில், சீனன்குடாவில் நாம் கூடியிருப்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும், வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில், மீன் விலை உயர்ந்து, ஏழைப் பிள்ளையின் சோற்றுக்குச் சொதியும் சம்பலும் மாத்திரமே துணையாவதை இவ்வூரார் அனைவரும் அறிவர்.

இக்குறையை நிரப்ப இலங்கையில் சோயாவை நாடுவது புதிதன்று. 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷத் திட்டம் சோளத்தோடு சோயாவையும் சேர்த்துத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் போஷணை அளித்தது. இன்றோ சோயா மாவிற் செய்த சோயாமீற் அறியாத அடுக்களை இந்நாட்டில் அரிது. உலர்ந்த சோயாமீற் நூறு கிராமில் ஏறக்குறைய ஐம்பது கிராம் புரதம் உண்டு என்பது மெய்யே. ஆனால் ஏட்டிலுள்ள புரதம் பிள்ளையின் வயிற்றில் இறங்கினாலன்றிப் பயனில்லை. சுடுநீரில் ஊறவைத்ததை நன்கு பிழியாமல் கறியிலிட்டால், அதன் பச்சை வாடையை முகர்ந்த பிள்ளை அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடும்; இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, இஞ்சியும் உள்ளியும் வறுத்த தூளும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் வற்றவிட்டால், அதே பிள்ளை தட்டை வழித்துண்ணும்.

சுவையைப் போலவே, உணவு எங்கிருந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. இக்குடாவின் கரையில் 1980 முதல் இயங்கும் பிறிமா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகிறது. நம் அன்றாட மைசூர்ப் பருப்பும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி, கப்பலை நம்பிய உலை எவ்வளவு விரைவில் அணையும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. பயறும் உழுந்தும் கௌபியுமோ நம் வறண்ட வலயத்து மேட்டுநிலங்களில் விளைந்து, பானையில் மாதக்கணக்கில் கெடாதிருப்பவை. சோற்றில் குறைவான லைசினைப் பயறும், பயறில் குறைவான மெதியோனினைச் சோறும் ஈடுசெய்வதால், நம் முன்னோரின் பயற்றஞ்சோறு விஞ்ஞானத்துக்கும் இசைந்த ஆகாரமே. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் வீட்டுப் பிள்ளையும், ஹலால் பேணும் வீட்டுப் பிள்ளையும், மாட்டிறைச்சி தவிர்க்கும் வீட்டுப் பிள்ளையும் ஐயமின்றி ஒரே பந்தியில் உண்ணத்தக்கதும் அதுவே.

எனினும் பயறே சர்வமும் என்பது என் அபிப்பிராயமன்று. பி12 உயிர்ச்சத்தைப் பயறு தராது. ஆதலின் முட்டையும் நெத்தலியும் இயன்ற நாட்களில் தட்டில் இருத்தல் வேண்டும். தமிழகச் சத்துணவுத் திட்டம் முட்டையோடு சுண்டலுக்கும் இடமளித்து, முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது நாம் கருதத்தக்க முறையாகும்.

ஆகவே, இக்கருத்தரங்கில் புரத அளவுகளைக் கணக்கிடும் அறிஞர்கள், விறகின் விலையையும், ஊறவைக்கும் நேரத்தையும், சமைப்போருக்குரிய பணம் காலத்தில் சென்றடைவதையும் அக்கணக்கில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். எந்தக் கறியைப் பிள்ளைகள் மீதம் வைத்தார்கள், எதை மறுமுறை கேட்டார்கள் என்பது விடியுமுன் எழுந்து பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சமைத்து வரும், இங்கு அமர்ந்திருக்கும் தாய்மாருக்குத் தெரியும்; அவர்களுடைய சாட்சியத்தை முதலிற் கேட்டு, அதன் பின்னரே உங்கள் கட்டுரைகளை வாசியுங்கள் என்னும் பிரார்த்தனையோடு இக்கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.