ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(கூட்டமைப்புக்கு மின்சாரக் கார் வாங்கலாமா என்ற கேள்வி பற்றி, மாதாந்திரக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நம்மில் சிலர் ஒரு யோசனை சொன்னோம். தஞ்சாவூருக்குப் பேங்க் வேலையாகப் போகிறோம், மசாலாப் பொடியும் ஊறுகாயும் கண்காட்சிக்கு ஏற்றிப் போகிறோம், உடம்பு முடியாதவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்கு அழுகிறோம். சின்னதா ஒரு மின்சாரக் கார் வாங்கிப்புட்டா என்ன? பெட்ரோல் செலவு கிடையாது, கரண்டு போட்டா ஓடும், நம்ம கூட்டமைப்புக்கும் ஒரு கௌரவம். இப்படிப் பேசிக் கை தட்டினோம். அன்றைக்கே தீர்மானம் எழுதியிருப்போம். வயதில் மூத்த அக்கா ஒருத்தர் எழுந்து, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டி, அளந்தீங்களா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதனால் இந்த ஒரு மாதமும் அளந்தோம். அளந்ததை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறோம்.

எந்தக் கார், என்ன விலை?

மின்சாரக் கார் நம் நாட்டுக்குப் புதிது இல்லை. 2001-லேயே பெங்களூரில் ரேவா என்று ஒரு குட்டி மின்சாரக் கார் வந்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். 2010-ல் அந்தக் கம்பெனி மகிந்திரா கைக்குப் போனது. 2013-ல் இ2ஓ என்று அடுத்த கார் வந்தது. அந்த இரண்டுமே இன்று புதிதாக விற்பனைக்கு இல்லை. 2009-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நாடே பேசிய டாடா நானோவும் நின்றுபோனது. ஏன் இதைச் சொல்கிறோம்? கார் நல்லதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. பத்து வருஷம் கழித்து உதிரிபாகம் கிடைக்குமா, பக்கத்தில் பழுது பார்க்கிற ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.

இப்போது குறைந்த விலையில் நம் கண்ணில் படுபவை இரண்டு. டாடா டியாகோ மின்சாரக் கார் 2022-ல் 8.49 லட்சம் ஆரம்ப விலையில் வந்தது. ஐந்து பேர் உட்காரலாம். எம்.ஜி. காமெட் 2023-ல் 7.98 லட்சத்தில் வந்தது. மூன்று மீட்டர் நீளம்கூட இல்லாத குட்டிக் கார், இரண்டே கதவு, நாலு பேர் உட்காரலாம். சந்தில் திருப்புவதற்கு வசதிதான். ஆனால் நாலு பேர் ஏறிவிட்டால் ஊறுகாய்ப் பெட்டிக்கு இடம் இருக்காது. இதை அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரு சார்ஜில் 230 கிலோமீட்டர் என்று காமெட்டுக்குக் கம்பெனி சொன்னது. அது சோதனையில் அளந்த கணக்கு. ஏ.சி. போட்டு, நாலு பேர் ஏறி, நம்ம ரோட்டில் ஓட்டினால் குறையும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தஞ்சாவூர் போய்வர நமக்கு 60 கிலோமீட்டர். கவலை இல்லை. கும்பகோணம் போனாலும் திரும்பிவிடலாம். வேளாங்கண்ணிக்குப் போய் அன்றைக்கே திரும்புவது என்றால் நடுவில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். வீட்டுப் பிளக்கில் முழு சார்ஜ் ஏற ஏழு மணி நேரம் வரை ஆகும்.

கிலோமீட்டர்தான் தீர்ப்பு சொல்லும்

அடுத்து நம்ம வவுச்சர் கட்டைப் பிரித்தோம். மூன்று மாதத்தில் 18 தடவை வண்டி எடுத்திருக்கிறோம். மாதத்துக்கு 6 தடவை, 360 கிலோமீட்டர். தடவைக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 9,000 ரூபாய் வாடகை.

இனி காரை வாங்கினால் என்ன ஆகும்? எல்லாச் செலவும் சேர்த்து 8 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். கையிலிருந்து 1 லட்சம் போட்டு, 7 லட்சத்தை ஒன்பதரை சதவீத வட்டிக்கு ஐந்து வருஷக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 14,700 ரூபாய். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 1 லட்சத்து 82 ஆயிரம். இன்சூரன்சும் டயர், சில்லறைப் பழுதும் மாதத்துக்கு 2,000. ஒரு யூனிட் கரண்டுக்கு 8 கிலோமீட்டர் என்று போட்டால் 45 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 360 ரூபாய்தான். டிரைவர் கூலி தடவைக்கு 600, மாதம் 3,600. மொத்தம் 20,660 ரூபாய்.

பாருங்க சகோதரிகளே. கரண்டு செலவு வெறும் 360 ரூபாய். அந்த 360-ஐப் பார்த்துத்தான் நாம் கை தட்டினோம். அதன் பின்னால் நிற்கிற 20,300-ஐ யாரும் பார்க்கவில்லை. வாடகை வண்டிக்கு 9,000, சொந்த வண்டிக்கு 20,660. மாடு வாங்கினால் பால் கறக்கும். தையல் மிஷின் வாங்கினால் துணி தைக்கும். கார் சும்மா நிழலில் நின்றாலும் தவணை மட்டும் ஓடும்.

"அப்ப பெட்ரோல் கார் வாங்கலாமே" என்று ஒரு தங்கை கேட்டார். அதையும் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் நம்ம 360 கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய். மின்சாரத்தில் ஓட்டினால் மாதம் 1,640 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000. ஆனால் வாங்கும்போது மின்சாரக் காருக்கு 3 லட்சம் கூடுதல் என்று வைத்தால், அதை எடுக்க 15 வருஷம் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாகக் கொடுக்கிற உத்தரவாதமே 8 வருஷம்தான். 2019 முதல் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பது நல்ல சலுகை. ஆனால் 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் விலை வித்தியாசம் கூடித்தான் இருக்கிறது.

இதே கார் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால்? பெட்ரோலுக்கு 8,300, கரண்டுக்கு 1,500. மாதம் 6,800 மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 3 லட்சம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஆக, மின்சாரக் கார் லாபமா நஷ்டமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. நீ எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவே என்பதுதான் கேள்வி.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கிற முறையும் 2024-ல் வந்தது. காமெட்டை 4.99 லட்சத்துக்கு வாங்கி, ஓடுகிற கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் தனியாகக் கட்டலாம் என்றார்கள். மேலுக்குப் பார்த்தால் குறைவாக ஓட்டுகிறவங்களுக்கு நல்லதுதான். ஆனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கட்டணும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நம்ம ஊருக்கென்று சில கணக்கு

கரண்டு பில்லைப் பாருங்க. இரண்டு மாதத்தில் வீட்டு இணைப்புக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். ஏற்கெனவே பிரிட்ஜ், கிரைண்டர், ஏ.சி. என்று 450-ல் நிற்கிற வீட்டில் காரையும் சொருகினால் பில் எகிறும். கூட்டமைப்புக் கட்டடத்து இணைப்பு வீட்டு இணைப்பு இல்லை என்றால் கட்டணமும் வேறு. பழைய ஒயரிங் தாங்குமா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் பார்த்த பிறகே பிளக்கில் சொருக வேண்டும். "பம்புசெட்டு கரண்டுதான் இலவசமாச்சே" என்று சிலர் கண்ணடிப்பார்கள். வேண்டாம். அது பயிருக்குக் கொடுத்தது. அதில் கார் சார்ஜ் போடுவது விதிமீறல், அபராதம் வரும்.

மழைக்காலத்தையும் மறக்க முடியுமா? ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ரோடு எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். சின்னச் சக்கரம், தாழ்ந்த வண்டி, வாய்க்கால் வழிந்து ஓடுகிற பாதைக்கு ஆகாது. 2018 நவம்பர் 16 கஜா புயலை நினைத்துப் பாருங்க. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எத்தனை வாரம் கரண்டு இல்லாமல் கிடந்தோம்! அந்த மாதிரி நாளில்தான் வண்டி அதிகம் தேவைப்படும். அன்றைக்கு இந்தக் கார் அசையாது.

சட்டத்திலும் ஒன்று இருக்கிறது. மின்சாரக் காருக்குப் பச்சை நம்பர் பலகை. சொந்த உபயோகம் என்றால் வெள்ளை எழுத்து, வாடகைக்கு ஓட்டினால் மஞ்சள் எழுத்து. வெள்ளை எழுத்துக் காரை வைத்து ஆளுக்கு ஐம்பது நூறு என்று வசூல் பண்ணினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகிவிடும். சாலை வரிச் சலுகையும் தேதி வைத்து அறிவிக்கப்படுவது. வாங்கும் மாதத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளணும்.

பெயர் யாருடையது, சாவி யார் கையில்?

இனிமேல் சொல்வது கூட்டமைப்புக்கு மட்டும் இல்லை, நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும். குழுக் கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதில் வாங்கி வீட்டு ஆம்பளைங்க கையில் கொடுத்து, வண்டி அவங்க பெயரில், தவணை நம்ம தலையில் என்று ஆன கதை நமக்குள்ளேயே உண்டு. ஒருத்தி தவணை தவறினால் குழுவில் இருக்கிற பதினஞ்சு பேருக்கும் அடுத்த கடன் நின்றுபோகும். தொழிலுக்கு என்று வாங்கிய குழுக் கடனைக் காருக்குத் திருப்பக் கூடாது. கார் வேண்டுமானால் கார் கடன் தனியாக வாங்கணும். தவணை கட்டுகிறவள் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கணும். சாவி அவள் இடுப்பிலும் இருக்கணும். ஓட்டவும் தெரிந்திருக்கணும். மின்சாரக் காரில் கிளச்சும் இல்லை, கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. நாற்று நட்ட கைக்கு ஸ்டீரிங் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் லைசென்ஸ் கட்டாயம்.

போன கூட்டத்தில் அளக்கச் சொன்ன அந்த அக்காவே இந்தக் கணக்கெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார். "அளக்கச் சொன்னது நான்தான். ஆனா அளந்து அளந்தே என் காலம் போச்சு. எம் மவளுக்கு ராத்திரி வலி எடுத்தப்ப வண்டி கிடைக்காம வாசல்ல நின்னது எனக்குத்தான் தெரியும். நம்ம பொம்பளைங்க எப்பத்தான் சொந்தக் கார்ல ஏறுறது?" அந்தக் கேள்விக்கு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். இன்று 108 இருக்கிறது, பணம் வாங்குவதில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லை. ஆனாலும் அக்கா கேட்டது தப்பில்லை. கார் ஆசை தப்பில்லை. கடனில் மூழ்கி அதே காரைப் பேங்க் இழுத்துக்கொண்டு போகும்போது, அதை நம்ம பெண்கள் வாசலில் நின்று பார்க்கக் கூடாது என்பதுதான் எங்கள் பயம்.

செயற்குழு வைக்கிற தீர்மானம்

ஒன்று: இப்போதைக்குக் கார் வாங்குவதை ஒரு வருஷம் தள்ளிவைப்போம்.

இரண்டு: வாடகை வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, தேதி, போன இடம், கிலோமீட்டர், தொகை, எத்தனை பேர் போனோம் என்று எழுதுவோம்.

மூன்று: பக்கத்து இரண்டு ஊராட்சிக் கூட்டமைப்புகளிடமும் பேசுவோம். மூன்று பேரும் சேர்ந்து மாதம் 1,500 கிலோமீட்டர் வந்தால் வாடகையே 37,500 ஆகும். அப்போது தவணை, பராமரிப்பு, கரண்டு, ஓட்டுகிறவர் கூலி எல்லாம் சேர்த்தாலும் சுமார் 35,000-க்குள் முடிக்கலாம். அந்தக் கூலியும் வெளியே போகாமல் நம்ம பெண் ஒருத்தி கைக்கே வரும்.

நான்கு: அதற்காக நாலு உறுப்பினர்களை இந்த வருஷமே டிரைவிங் பழக அனுப்புவோம். முதலில் அக்காவின் மகள் பெயரை எழுதியிருக்கிறோம். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

தனியாக வீட்டுக்கு வாங்க நினைக்கிற சகோதரிகளும் இதே நோட்டை மூன்று மாதம் எழுதிப் பாருங்க. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போக்குவரத்துக்கு மின்சார ஸ்கூட்டரே போதும் என்று நோட்டே சொன்னாலும் சொல்லும்.

நெல்லை மரக்காலில் அளந்து பழகினவங்க நாம். கிலோமீட்டரையும் அப்படியே அளப்போம். அளவு சரியாக வந்த அன்றைக்குத் தைரியமாகப் போய் வாங்குவோம். முன் சீட்டில் நம்ம பெண் ஓட்ட, பின் சீட்டில் அக்கா உட்கார்ந்து தஞ்சாவூர் போவார். தீர்மானத்தைப் படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லை என்றால் எழுந்து கேளுங்கள்.