ஊறு செய்யாத ஒளி

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி அம்பத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இதயத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். எனக்குள்ள தகுதி என் தம்பி பட்ட பாடு ஒன்றே. சென்ற ஆண்டு, சதுர்த்தசி நோன்பிருந்த இரவில் அவனுக்கு நெஞ்சில் அழுத்தம் கண்டது. வெறும் வயிற்றில் வாயு சேர்ந்திருக்கும், விடிந்து பாரணை செய்தால் சரியாகிவிடும் என்றார்கள் வீட்டார். நானும் அதையே சொன்னேன். மருத்துவமனையை அடைந்தபோது ஏழு மணி நேரம் கழிந்திருந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தின் முன்சுவர் அசையவில்லை என்றார். "அந்தத் தசை இறந்துவிட்டதா, டாக்டர்?" என்று கேட்டேன். "இறந்தும் இருக்கலாம், உறங்கிக்கொண்டும் இருக்கலாம்" என்றார்.

அந்த விடைதான் என்னைப் படிக்க வைத்தது. குருதி குறைந்தவுடன் இதயத் தசை முழுவதும் மடிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திக்கொள்கிறது. அடைப்பை நீக்கினால் அது மீண்டும் துடிக்கக்கூடும். மடிந்த பகுதியோ தழும்பாகிவிடும். ஓய்வில் எடுக்கும் எக்கோவில் இரண்டும் அசையாச் சுவராகவே தெரிகின்றன. வேறுபாடு அறியக் கதிரியக்க மருந்தை ஊசிவழிச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனும், எம்.ஆர்.ஐ.யும் இன்று உள்ளன.

இவற்றோடு ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருவது ஒளியும் ஒலியும் சேர்ந்த முறை. மின்னலையும் இடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று சட்டென விரிகிறது. அவ்விரிவே இடியாகக் கேட்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணித் தொலைவைக் கணிப்பது நம் சிறுவயது விளையாட்டு. அதே கணக்கு உடலுக்குள்ளும் செல்லும். ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அதைக் குருதி உறிஞ்சி, ஒரு பாகையின் ஆயிரத்தில் சில பங்கு அளவே வெப்பமேறி விரிந்து, நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது. ஒலி திசுவில் வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். வந்துசேர்ந்த நேரத்தைக் கொண்டு அது பிறந்த ஆழத்தை அறியலாம். ஒளி விட்டுவிட்டு விழுந்தால் பொருள் ஒலிக்கும் என்பதை 1880-இல் கண்டவர், தொலைபேசியால் நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

உயிர்வளி ஏறிய குருதியும் ஏறாத குருதியும் ஒளியின் நிறங்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. கொரோனா நாள்களில் விரல் நுனியில் மாட்டிக்கொண்ட சிறு கருவி இந்த வேறுபாட்டைக் கொண்டே இயங்கியது. இப்புதிய முறை அதே வேறுபாட்டைக் கொண்டு, எப்பகுதிக்கு உயிர்வளி வந்து சேர்கிறது என்று படமாகவே காட்ட முயல்கிறது. கத்தியில்லை, கதிரியக்கமில்லை. தடையும் உண்டு: ஒளி உடலுக்குள் சில சென்டிமீட்டர் செல்வதற்குள் சிதறித் தேய்ந்துவிடுகிறது, மனித இதயமோ விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. ஆகவே என் தம்பிக்கு இது கிட்டவில்லை. வழக்கமான ஸ்கேனில், முன்சுவரில் ஒரு பகுதி உயிருடனும் மறுபகுதி தழும்பாகவும் தெரிந்தன.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஒலியையும் ஒளியையும் புற்கலத்தின் நிலைகளாக ஒரே இடத்தில் வைத்து எண்ணினார். படிக்கும்போது உள்ளம் மகிழ்ந்தது. அதற்காக, நம் முன்னோர் இக்கருவியை அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்க எனக்கு உடன்பாடில்லை. அது ஆசாரியருக்கும் பெருமையன்று.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. இம்முறையால் மாரடைப்பின் சேதத்தைப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சுண்டெலிகளின்மேல் நடந்தவை. ஜெர்மனியில் ரசான்ஸ்கி குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் அத்தகையதே. எலியின் இதயக் குழாயைக் கட்டி, மாரடைப்பை உண்டாக்கித்தான் பார்த்தார்கள். ஊறு செய்யாக் கருவி, ஊறு செய்து பிறக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று இதயத்தை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்படத்தால் ஒரே எலியைக் கொல்லாமல் நாள்தோறும் காணலாம், எண்ணிக்கை குறையும் என்கிறார்கள். குறைவது நன்றே. ஆனால் குறைந்த இம்சையை அகிம்சை என்று என்னால் அழைக்க இயலவில்லை. என் தம்பிக்கு உதவுமாயின் வேண்டாம் என்று சொல்லவும் நா எழவில்லை. இங்குள்ள இளைஞர்களில் யாரேனும் இத்துறைக்குச் சென்றால் இக்கேள்வியையும் உடன்கொண்டு செல்லுங்கள்.

கருவி வரும்வரை நம் கையில் இருப்பது நேரமே. நெஞ்சில் அழுத்தம், இடக்கை வலி, வியர்வை கண்டால் வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் வழக்காடாமல் 108-ஐ அழையுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அன்றிரவு நீர் அருந்தவும் மறுத்தான் என் தம்பி. நோன்பு கலைந்தால் பிராயச்சித்தம் உண்டு. மடிந்த தசைக்கு அது இல்லை. மருத்துவர் தரும் மாத்திரையை விழுங்க ஒரு மிடறு நீர்தான் வேண்டும். இரவாயினும் அந்நீரை மறுக்க வேண்டா.