ஃபாதருக்கு என் குரல் தெரியுமே!

ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார்: "அண்ணா, பாவசங்கீர்த்தனம் பண்ணி நாலு வருஷம் ஆச்சு. எங்க ஃபாதருக்கு என் குரல் தெரியும். அப்பாகிட்ட சொல்லிட்டா?"

தம்பி, எனக்கும் இதே பயம் இருந்தது. எங்க பங்குச்சாமி வீட்டுக்கு வந்து அம்மா கையால காபி குடிப்பார். அவர்கிட்ட எப்படிச் சொல்றது? ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்தேன். செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அப்புறம் ஈசிஆர்ல நேரா கோவளம் கார்மேல் மாதா கோயில். ஏதோ ஒளிஞ்சு போற மாதிரி குறுகுறுப்பு.

பிறகுதான் தெரிஞ்சது, அது என் உரிமை. 1983-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 991-ஆவது பிரிவு, விரும்பிய குருவிடம் போகலாம் என்கிறது. முகம் தெரியாம இருக்க, நடுவில் கம்பித் தடுப்பு வைத்த தொட்டியும் இருக்கணும் என்கிறது 964.

வெளியே சொல்லிடுவாரா? 983-ஆவது பிரிவுப்படி வார்த்தையாலோ வேறு எந்த விதத்திலோ காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறினால், யாரும் தீர்ப்பு சொல்லாமலே அவர் திருச்சபைக்கு வெளியே. அடுத்த பிரிவு 984 இன்னும் முக்கியம்: வெளியே சொல்லாவிட்டாலும், கேட்டதை வைத்து உனக்குப் பாதகமா எதுவும் செய்யக் கூடாது. அதாவது, அதைக் கேட்டுட்டு உன்னைப் பாடகர் குழுவிலிருந்து தூக்க முடியாது.

சட்டம் இருந்தா போதுமா? போதாது. 2018-ல் கேரளாவில், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே ஒரு பெண்ணை மிரட்டி பாலியல் கொடுமை செய்ததாக, மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர் மேல் புகார் வந்தது. பாவசங்கீர்த்தனத்தையே நிறுத்தணும்னு தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரை செய்தது. அது வேற சபைதான். ஆனா "நம்ம சபை இல்லையே"ன்னு தப்பிச்சுக்க எனக்கு மனசு வரல. அந்தப் பயம் நியாயமானது.

அதனால இதை மட்டும் மறக்காதீங்க. அந்த ரகசிய முத்திரை குருவின் வாய்க்குத்தான், உங்க வாய்க்கு இல்லை. உள்ளே ஒருத்தர் தப்பா பேசினா, தேவையில்லாம துருவினா, மிரட்டினா, எழுந்து வெளியே வாங்க. வீட்டில் சொல்லுங்க, ஆயரிடம் சொல்லுங்க, குற்றம்னா போலீஸில் சொல்லுங்க. அது பாவம் இல்லை.

தம்பி, கோவளத்தில் நான் முதல்ல சொன்னது பாவமே இல்லை. "ஃபாதர், பயமா இருக்கு"ன்னேன். "எனக்கும் ஒவ்வொரு தடவையும் இருக்கும்பா"ன்னார். அவரும் இன்னொரு குருகிட்ட முழங்கால் போடுறவர்தானே!

அடுத்த வாரம் பார்ப்போம்.