பொப்போவ் என்னும் குடும்பப் பெயர்



இன்று நாம் ஒரு பெயரைப் பற்றிப் பேசப் போகிறோம். அது ருஷ்ய நாட்டுப் பெயர், பொப்போவ் என்பது. அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் முதல் பத்துக்குள் இதுவும் வந்துவிடும். எங்கோ குளிர் நாட்டில் வழங்கும் பெயரால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலியின் வரலாற்றில் பொப்போவ் என்ற பெயருடைய ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. அது ஒன்று. தகப்பன் செய்யும் தொழில் பிள்ளையின் தலையில் எழுதிய எழுத்தா என்று நம்மில் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கும் இப்பெயரில் ஒரு விடை இருக்கிறது. அது மற்றொன்று.

முதலில் ருஷ்யர்கள் பெயர் வைக்கும் முறையைப் பார்ப்போம். ஒரு ருஷ்யரின் முழுப்பெயரில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் வருவது அவருக்கு இட்ட பெயர். நடுவில் வருவது தந்தையின் பெயர். கடைசியில் வருவது குடும்பப் பெயர். நடுப்பெயர் நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயரை அடுத்து 'அனாக் லெலாக்கி' என்றோ 'அனாக் பெரம்புவான்' என்றோ எழுதி, அதன்பின் தந்தையின் பெயரை எழுதுகிறார்கள் அல்லவா? ருஷ்யர்கள் அதையே ஒரு விகுதியால் காட்டிவிடுகிறார்கள். தந்தை இவான் என்றால் மகன் இவானொவிச், மகள் இவானொவ்னா. அங்கே மாணவர்கள் ஆசிரியரை அழைக்கும்போது அவருடைய பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அதுதான் மரியாதை. தந்தையின் பெயரை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவு.

குடும்பப் பெயர் வேறு வகையானது. அது பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து வழிவழியாக வருவது. பிரபுக்களுக்கு அது முன்பே இருந்தது. பண்ணையடிமைகளாக இருந்த குடியானவர்களில் மிகப் பலருக்கு, 1861ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகே குடும்பப் பெயர் எழுத்தில் நிலைபெற்றது. சிலருக்கு முன்னோரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. இவானின் வழியினர் இவானோவ் ஆனார்கள். வேறு சிலருக்கு முன்னோரின் தொழில் பெயராயிற்று. கொல்லனின் வழியினர் குஸ்நெத்ஸோவ்; மாவு ஆலைக்காரரின் வழியினர் மெல்னிக்கோவ்.

பொப்போவும் தொழிலால் வந்த பெயர்தான். 'பொப்' என்றால் ருஷ்யர்களின் பேச்சு வழக்கில் கிறிஸ்துவக் கோயில் பாதிரியார். இக்காலத்தில் அது சற்று மரியாதை குறைந்த சொல். நாம் 'பாதிரியார்' என்பதற்கும் 'பாதிரி' என்பதற்கும் உள்ள வேறுபாடு போல. பொப்போவ் என்றால் 'பாதிரியாருடையவன்', அதாவது பாதிரியார் வீட்டுப் பிள்ளை. பெண்ணானால் பொப்போவா. பாதிரியாருக்குப் பிள்ளை ஏது என்று சிலர் வியக்கலாம். ருஷ்யாவின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஊர்ப் பாதிரியார்கள் மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துபவர்கள். மேலும், பாதிரியார் வீட்டில் வேலை செய்தவர்களுக்கும் இப்பெயர் ஒட்டிக்கொண்டது உண்டு. ஊருக்கு ஊர் கோயில் இருந்ததால் நாடெங்கும் பொப்போவ்கள் பெருகினார்கள். ஆகவே, இரண்டு பேர் பொப்போவ் என்பதால் அவர்கள் உறவினர் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி, இப்பெயரால் புகழ்பெற்றவர்கள் சிலரைப் பார்ப்போம்.

முதலில் நிற்பவர் அலெக்ஸாந்தர் ஸ்தெபானொவிச் பொப்போவ். இவர் 1859ஆம் ஆண்டில் ஊரல் மலைப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் பிறந்தார். பெயருக்கேற்ப இவருடைய தந்தை உண்மையாகவே பாதிரியார். அக்காலத்தில் பாதிரியார் பிள்ளைகள் திருச்சபைப் பள்ளியில் படித்துப் பாதிரியாராவதே வழக்கம். பொப்போவும் அப்படித்தான் படிப்பைத் தொடங்கினார். பேர்ம் நகரில் இருந்த குருமடத்தில் பயின்றார். ஆனால் அவர் மனம் கணிதத்திலும் இயற்பியலிலும் சென்றது. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் பணமில்லை. மின்விளக்கு அமைக்கும் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படித்து முடித்தார். பிறகு கிரோன்ஸ்டாட் துறைமுகத்தில், கடற்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளியில் ஆசிரியரானார். ஆம், வானொலி வரலாற்றில் இடம்பெற்ற இவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

அவர் செய்தது என்ன? மாலையில் இடியும் மின்னலுமாக இருக்கும்போது, வானொலிப் பெட்டியில் கரகரவென்று சத்தம் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மின்னல் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் வெளியில் பரவுகின்றன. அவற்றைப் பெட்டி வாங்கிக்கொள்வதால்தான் அந்தச் சத்தம். வானொலிப் பெட்டியே இல்லாத காலத்தில், அந்த அலைகளைப் பிடித்துக் காட்டும் கருவி ஒன்றைப் பொப்போவ் செய்தார்.

அந்தக் கருவி எளிமையானது. சிறிய கண்ணாடிக் குழாயில் இரும்புத் தூள் இருக்கும். சாதாரண வேளையில் அத்தூளின் வழியே மின்சாரம் எளிதில் ஓடாது. மின்காந்த அலை வந்து பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே மின்சாரம் ஓடி, மின்மணி அடிக்கும். இதுவரையில் மற்ற நாட்டு அறிஞர்களும் அறிந்திருந்தார்கள். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. ஒட்டிய தூள் ஒட்டியபடியே இருந்துவிட்டால், அடுத்து வரும் அலையை எப்படி அறிவது? குழாயைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். மணியை அடிக்கும் சுத்தியலே திரும்பி வரும்போது குழாயையும் ஒரு தட்டுத் தட்டும்படி பொப்போவ் அமைத்தார். அலை வந்தால் மணி அடிக்கும். அடித்த கையோடு கருவி அடுத்த அலைக்குத் தயாராகிவிடும். உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி அதைக் கருவியோடு இணைத்தபோது, தொலைவில் வெட்டிய மின்னலையும் அது அறிவித்தது. 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறிஞர்கள் கூடிய சபையில் இக்கருவியை அவர் காட்டினார். அந்த நாளை 1945ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வானொலி நாளாகக் கொண்டாடி வருகிறார்கள்.

வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி என்றுதானே படித்திருக்கிறோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இத்தாலியரான மார்க்கோனி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கம்பியில்லாச் செய்தியை வாணிக முறையில் உலகெங்கும் பரப்பினார். 1909இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் இத்தகைய அலைகளைக் கொண்டு சோதனைகள் செய்து காட்டினார். ஒரு பெரிய மரத்துக்கு வேர் ஒன்று மட்டும் இருப்பதில்லை. வானொலியும் பல நாட்டார் கைபட்டு வளர்ந்தது. அவர்களில் பொப்போவும் ஒருவர் என்று கொள்வதே நேர்மை.

அவருடைய உழைப்பு உயிர்களைக் காத்த கதையும் உண்டு. 1899ஆம் ஆண்டின் இறுதியில் ருஷ்யப் போர்க்கப்பல் ஒன்று பின்லாந்து வளைகுடாவில், கோக்லாந்து என்ற தீவின் அருகே பாறையில் மோதி நின்றது. கடல் உறைந்து கிடந்தது. பொப்போவும் அவருடைய உதவியாளரும் தீவிலும் எதிர்க்கரையிலும் கம்பியில்லாத் தந்தி நிலையங்களை அமைத்தார்கள். இரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வழியே ஓர் அவசரச் செய்தி வந்தது. பனிப்பாளம் பிளந்து, அதன்மேல் நின்ற மீனவர்கள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்பதே செய்தி. பனியுடைக்கும் கப்பலான எர்மாக் விரைந்து சென்று அவர்களைக் காப்பாற்றியது. கடற்கரையில் கணவனுக்காகவும் மகனுக்காகவும் காத்திருந்த பெண்களுக்கு, அந்த இரும்புத் தூளின் அருமை விளங்கியிருக்கும்.

1905இல் பொப்போவ் மின்பொறியியல் கழகத்தின் தலைவரானார். அது ருஷ்யாவில் கிளர்ச்சி நடந்த ஆண்டு. மாணவர்களை அடக்க வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. அவர் மாணவர்களின் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டு சனவரியில், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு 46ஆம் வயதில் காலமானார்.

அடுத்து, லியூபொவ் செர்கேயெவ்னா பொப்போவா. இவர் 1889இல் மாஸ்கோவுக்கு அருகே, வசதி மிகுந்த துணி வணிகர் வீட்டில் பிறந்தவர். பாரிஸ் நகரம் வரை சென்று ஓவியம் கற்றார். புதுவகை ஓவியங்களால் பெயர் பெற்ற பிறகு, ஓவியம் பணக்காரர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணினார். மாஸ்கோவில் இருந்த அரசாங்கத் துணி அச்சுத் தொழிற்சாலைக்குச் சென்று, சாதாரண மக்கள் உடுத்தும் துணிகளுக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தார். 1924இல் அவருடைய சிறு மகன் செங்காய்ச்சலால் இறந்தான். சில நாட்களில் தாயும் அதே நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

மூன்றாமவர் ஒலெக் பொப்போவ், சர்க்கஸ் கோமாளி. 1930இல் பிறந்த இவர், போர்க்காலத்தில் சிறுவனாகவே அச்சகத்தில் வேலை பழகச் சென்றார். பிறகு சர்க்கஸ் பள்ளியில் சேர்ந்தார். கட்டம்போட்ட பெரிய தொப்பி இவருடைய அடையாளம். இவருடைய வேடிக்கை ஒன்று உலகப் புகழ் பெற்றது. இருட்டு மேடையில் ஒரு விளக்கொளி வட்டமாக விழும். குளிரில் வந்த ஏழைபோல அந்த வெளிச்சத்தில் அமர்ந்து குளிர்காய்வார். ஒளி நகர்ந்தால் பின்னாலேயே ஓடுவார். முடிவில் அந்த ஒளியையே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவார். பேச்சே இல்லாத அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பல நாட்டுக் குழந்தைகள் சிரித்தார்கள்; பெரியவர்கள் கண்கலங்கினார்கள். 2016இல், 86ஆம் வயதில், நிகழ்ச்சிகள் நடத்தச் சென்ற ஊரிலேயே அவர் உயிர் பிரிந்தது.

விண்வெளியிலும் ஒரு பொப்போவ் உண்டு. லெயோனித் இவானொவிச் பொப்போவ் 1980ஆம் ஆண்டில் தோழர் ஒருவருடன் சல்யூத்-6 நிலையத்தில் 185 நாட்கள் தங்கினார். ஏறத்தாழ அரை ஆண்டு மண்ணை மிதிக்காமல் இருந்தார் என்றால் எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, இன்னோர் அலெக்ஸாந்தர் பொப்போவ். இவர் நீச்சல் வீரர். இரண்டு அலெக்ஸாந்தர்களையும் பிரித்து அறிய நடுப்பெயர்தான் உதவுகிறது: அவர் ஸ்தெபானொவிச், இவர் விளாதிமிரொவிச். இவரும் ஊரல் பகுதியில் பிறந்தவர், ஆண்டு 1971. எட்டு வயதில் நீச்சல் பழகச் சென்றபோது தண்ணீரைக் கண்டு பயந்தவர் என்று சொல்வார்கள். 1992 ஒலிம்பிக்கில் 50 மீட்டர், 100 மீட்டர் ஆகிய இரண்டு போட்டிகளிலும் தங்கம் வென்றார். 1996இல் மீண்டும் அதே இரண்டிலும் தங்கம். அந்த வெற்றி முடிந்த சில வாரங்களில் மாஸ்கோ தெருவில் நடந்த ஒரு சண்டையில் வயிற்றில் கத்திக் குத்துப் பட்டு, அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அத்துடன் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே நீச்சல் குளத்தில் மீண்டும் வென்றார்.

நேயர்களே, இந்த ஐவரையும் ஒருசேரப் பாருங்கள். ஒருவர் அறிவியலார், ஒருவர் ஓவியர், ஒருவர் கோமாளி, ஒருவர் விண்வெளி வீரர், ஒருவர் நீச்சல் வீரர். ஐவரும் பெயரளவில் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் நாம் பார்த்த ஐவரில் ஒருவரும் பாதிரியாராகவில்லை. பெயர் அவர்களுடைய முன்னோர் எங்கே நின்றார்கள் என்பதைச் சொன்னது. பிள்ளைகள் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறோம். அந்த இடத்தில் சில பெற்றோர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. பால் மரம் வெட்டுதல் என்றோ, செம்பனைக் குலை அறுத்தல் என்றோ நிமிர்ந்து சொல்லலாம். ருஷ்யக் கொல்லனின் பேரன், 'கொல்லன்' என்ற பொருளுள்ள பெயரையே கையெழுத்தாகப் போடுகிறான், வெட்கப்படுவதில்லை. உழைத்த தொழிலில் வெட்கத்துக்கு இடமில்லை. அதேபோல, படிப்பில் நாட்டமுள்ள பிள்ளையை, பெண் பிள்ளையானாலும் சரி, 'நம் வீட்டில் இதுவரை யார் படித்தார்கள்' என்று சொல்லி நிறுத்திவிடவும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவது பிள்ளை புறப்பட்ட இடம் மட்டுமே.