புள்ளி மறைந்த பிறகுதான் வைத்தியம்

மார்கழி, தை இரவுகளில் கண்டியின் வெப்பநிலை 18 பாகை வரை இறங்கும். ஹீட்டர் இல்லாத மீன் தொட்டிகளுக்கு அது கெட்ட காலம். முதல் நாள்வரை இரைக்கு முந்திய ஏஞ்சல் மீன் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். திடீரெனப் பாய்ந்து அடியிலுள்ள கல்லில் விலாவை உரசும். உற்றுப் பார்த்தால் வாலில் ரவை தூவியதுபோல வெண்பொட்டுகள். வெண்புள்ளி நோய் வந்துவிட்டது.

இக்தியோப்திரியஸ் என்ற ஒருகல ஒட்டுண்ணியின் வேலை இது. நுணுக்குக்காட்டியில் வைத்தால் உடலெங்கும் பிசிர்கள், நடுவே குதிரை லாட வடிவில் கரு. நிற்காமல் மெல்ல உருண்டுகொண்டிருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

நேயர்கள் கவனிக்க வேண்டியது இதன் வாழ்க்கை வட்டத்தை. வெண்பொட்டாகத் தெரிவது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுத்துக் கிடக்கும் ஒட்டுண்ணி. அங்கே மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனைவிட்டுக் கழன்று, கல்லிலோ செடியிலோ ஒட்டி, உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். அந்த உறைக்குள்ளும் மருந்து புகாது. உறை வெடித்து, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் இரண்டொரு நாள்தான் அவற்றைக் கொல்ல வாய்ப்பு.

ஆகவே மருந்து ஊற்றிய மூன்றாம் நாள் பொட்டுகள் மறைந்தால் அது குணமல்ல, இடமாற்றம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மீன் பளபளவென்று இருக்கிறதே என்று போத்தலை மூடி வைப்பார்கள். அடுத்த கிழமை பொட்டுகள் இரட்டிப்பாகத் திரும்பும். பழி கடைக்காரர் தலையில் விழும்.

கண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் 25 பாகையளவில் இருந்தால் இந்த வட்டம் மூன்று முதல் ஆறு நாட்களில் முடிந்துவிடும். குளிரக் குளிர அது நீளும். 10 பாகையில் ஒரு மாதத்தையும் தாண்டும். கொழும்பின் வெக்கையில் ஒரு கிழமைக்குள் தீரும் வைத்தியம் ஹந்தானைச் சரிவிலுள்ள வீட்டில் அதே கணக்கில் தீராது. போத்தலில் அச்சிட்ட நாட்களை நம்பாமல், வெப்பமானியைப் பார்த்து மருந்து நாட்களை நீட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

மருந்துகளில் கறியுப்பைக் குறைவாக எடைபோடுகிறவர்கள் அதிகம். லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் வரை, கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலான மீன்கள் தாங்கும்; செடிகள்தான் வாடக்கூடும். மலகைட் பச்சையும் போமலினும் வேகமானவை. ஆனால் அளவு பிசகினால் நோய்க்கு முன் மருந்தே மீனைக் கொன்றுவிடும். செதிலில்லாத கெளுத்தி இனங்களுக்கு இன்னும் கவனம் தேவை. செப்பு மருந்து இறால், நத்தைகளுக்கு எமன். எந்த மருந்தானாலும் முதலில் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றியதையெல்லாம் கரியே குடித்துவிடும்.

சூட்டை 30 பாகைக்கு ஏற்றுவதும் பழகிய முறை. அந்தச் சூட்டில் ஒட்டுண்ணி பெரும்பாலும் பெருகாது. ஆனால் சுடுநீரில் ஒட்சிசன் குறையும். செவுளிலும் ஒட்டுண்ணி இருக்கும் மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிறது. காற்றுக் குழாய் ஓய்வின்றி ஓட வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த முறை எடுபட்டிருக்காது. நிழலோடைகளில் வாழும் நம் நாட்டுப் புலத் ஹபயா போன்ற மீன்களுக்கும் இவ்வளவு சூடு ஒத்துவராது. இங்கே உப்புக்கே என் வாக்கு.

புதிதாக வாங்கிய மீனை மூன்று கிழமையாவது தனித் தொட்டியில் வைத்தால் இத்தனை பாடும் தேவைப்படாது. சின்னப் பிளாஸ்டிக் வாளி போதும். அதற்கென்று தனி வலை வேண்டும், ஈர வலையிலேயே நோய் தொட்டி விட்டுத் தொட்டி தாவும்.

வந்தது இந்த நோய்தானா என்ற சந்தேகம் தீராவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் உயிரின நோய்களுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. செத்த மீனைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோவதில் பயனில்லை. மீன் செத்தால் ஒட்டுண்ணி கழன்று போய்விடும். நோயுற்ற மீனை உயிரோடு, தொட்டித் தண்ணீரிலேயே, காற்று நிரப்பிய பையில் கொண்டுபோக வேண்டும்.